பிளானுக்குப் பின்னால் ஓர் ஆள்

பினாங்கில், ஜார்ஜ் டவுனின் லெபோ ஆர்மேனியன் தெருவில் அந்தச் சுவருக்கு முன்னால் எப்போது போனாலும் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். அக்கா சைக்கிள் மிதிக்கிறாள். தம்பி பின்னால் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டிருக்கிறான். பிள்ளைகள் இருவரும் சாயம். சைக்கிள் மட்டும் அசல் இரும்பு, சுவரோடு சேர்த்துப் பதித்தது. 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக லிதுவேனியாக்காரரான எர்னஸ்ட் சகாரெவிச் தீட்டியது இது. ‘மிரர்ஸ் ஜார்ஜ் டவுன்’ என்று பெயரிட்டு நகரத்துச் சுவர்களில் அவர் வரைந்த வரிசையில் ஒன்று. முந்த்ரி தெருவில் நீல உடுப்புச் சிறுமியும் ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிளும் அதே வரிசையைச் சேர்ந்தவை.

சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் அதே அக்காவும் தம்பியும் குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தமாக, சாவிக்கொத்தாக, டீ-சட்டையாக, அஞ்சலட்டையாகக் கடைகளில் தொங்குகிறார்கள். விற்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஓவியரைப் பார்த்திருக்கவும் மாட்டார்கள். வாங்குகிறவர்களுக்கும் அவர் பெயர் தேவைப்படுவதில்லை. பினாங்குக்குப் போய் வந்ததற்கு ஓர் அடையாளம் வேண்டும், அவ்வளவுதான். 2024இல் அந்தப் பிள்ளைகள் ஏர் ஆசியா விமானம் ஒன்றின் உடலிலும் ஏறிப் பறந்தார்கள். தன்னிடம் கேட்காமல் செய்ததாக சகாரெவிச் பொதுவெளியில் சொன்னார். 2025இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டார்.

சகாரெவிச்சுக்கு உலகம் அறிந்த பெயர் இருக்கிறது. படத்தைப் பார்த்த உடனே இது யாருடையது என்று சொல்ல இந்த ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தோன்றுவது, சாட்சி சொல்ல அப்படி ஆயிரம் பேர் இல்லாதவர்களைப் பற்றி. பொழுதுபோக்காக ஒரு பொருளைச் செய்து பார்த்து, இன்னொருவரும் செய்துகொள்ளட்டும் என்று அதன் பிளானை வரைந்து, சின்ன விலைக்குக் கொடுக்கிறவர்களைப் பற்றி. காரின் பின்னால் இழுத்துப்போகும் கேரவன், மீன்பிடிப் படகு, மடக்குக் கட்டில், கோழிக்கூண்டு என்று இவர்கள் வரையாத பொருள் இல்லை. வரைகிறவர் கைவினைஞரா எழுத்தாளரா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். ஒரு நல்ல பிளான், படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய நூல்.

பிறையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் இயந்திர உதிரிகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்து ஓய்வுபெற்றவர். கொரோனா கால நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து ஊரே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கும் கடற்கரைக்கும் கிளம்பிய நாட்களில், தன் வீட்டு முன்வாசலில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சின்னக் கேரவன் கட்டினார். இரண்டு பேர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் அடுப்படி. பார்த்தவர்கள் கேட்கக் கேட்கப் பிளானைத் தாள் தாளாக வரைந்து, கணினிக் கோப்பாக்கி, அறுபது வெள்ளிக்கு விற்க ஆரம்பித்தார்.

அந்தப் பிளானில் ஒரு தாளை மட்டும் இங்கே விரித்துக் காட்ட ஆசை. எட்டுக்கு நாலு ஒட்டுப்பலகை ஒன்றை எப்படி அறுத்தால் எத்தனை துண்டு தேறும் என்பதற்கான தாள் அது. பக்கச்சுவரின் வளைவு, கதவு, கதவுக்காக வெட்டிய ஓட்டையிலிருந்து கிடைக்கும் அலமாரித் தட்டு எல்லாம் ஒன்றின் இடுக்கில் ஒன்று செருகிக் கிடக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ரம்பம் தின்னும் 3 மில்லிமீட்டரைக் கழித்திருக்கிறார். ரம்பத்தின் தீனியைக் கணக்கில் சேர்க்காத பிளானில் கடைசித் துண்டு எப்போதும் குட்டையாகத்தான் வரும். அந்தத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: அறுத்த விளிம்பு எல்லாவற்றுக்கும் எபாக்சி பூசு, திருகாணித் துளைக்குள்ளும் பூசு. வறண்ட நாட்டுக்காரர்கள் வரைந்த பிளான்களில் இந்தக் குறிப்பு இத்தனை அழுத்தமாக இருக்காது. நம் ஊர் மழையில் ஒட்டுப்பலகை விளிம்பு வழியாகத்தான் தண்ணீரைக் குடிக்கும், குடித்து ஏடு ஏடாகப் பிரியும். அவர் கட்டிய முதல் கதவு அப்படித்தான் போயிற்று. அந்தக் குறிப்புக்கு அவர் கொடுத்த விலை ஒரு கதவு.

ஒருநாள் யாரோ அனுப்பிய சுட்டியைத் தொட்டுப் பார்த்தபோது, ஓர் இணையச் சந்தையில் அவருடைய பிளான் எட்டு வெள்ளிக்குக் கிடந்தது. தனியாகக் கூட இல்லை. யார் யாரோ வரைந்த நூற்றுக்கணக்கான பிளான்களை ஒரே கட்டாகக் கட்டிப்போட்டிருந்த மூட்டைக்குள் ஒன்றாக. மூலையில் இருந்த அவர் பெயரை வெள்ளைப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள்.

“விடுங்கண்ணே, எட்டு வெள்ளிக்கு விக்கிறவனோட மல்லுக்கட்டி என்ன ஆகப்போவுது?” என்றேன்.

“காசு போனா போவுதுப்பா. அவன் விக்கிறது பழைய பிளான். தண்ணித்தொட்டி பின்னால இருக்கிற பிளான்” என்றார்.

அவர் சொன்னதன் கனம் புரிய, இழுவை வண்டியின் கணக்குக் கொஞ்சம் தெரிய வேண்டும். காரின் கொக்கியில் மாட்டும் வண்டிக்கு முன்மூக்கில் கொஞ்சம் பாரம் இருந்தே ஆக வேண்டும். வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் அமர வேண்டும் என்பது அமெரிக்கப் பழக்கம். ஐரோப்பியர்கள் இதைவிடக் குறைவாக வைப்பார்கள். பாரம் பின்னுக்குப் போய் மூக்கு இலேசானால், வேகம் கூடும்போது வண்டியின் வால் இடமும் வலமும் வீச ஆரம்பிக்கும். ஒருமுறை வீச்சு பிடித்துவிட்டால் அது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும். பதறிப்போய் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வீச்சு கூடும். கடைசியில் கேரவன் காரையும் சேர்த்துச் சுழற்றிவிடும்.

அண்ணனுடைய வண்டி 500 கிலோ. மூக்கில் 55 கிலோ நின்றது, சரியான அளவுதான். ஆனால் முதல் பதிப்பில் 40 லிட்டர் தண்ணீர்த்தொட்டியைப் பின்புற அடுப்படிக்குக் கீழே, ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் வரைந்திருந்தார். பாத்திரம் கழுவுகிற இடத்தில்தானே தண்ணீர் வேண்டும்? தொட்டியை நிரப்பினால் 40 கிலோ. ஆக்ஸிலிலிருந்து கொக்கி 2.6 மீட்டர் முன்னால் இருக்கிறது. அந்தத் தண்ணீர் மூக்கைத் தோராயமாக 15 கிலோ மேலே தூக்கிவிடும். 540 கிலோ வண்டிக்கு மூக்கில் மிஞ்சுவது 40 கிலோ, அதாவது ஏழரை விழுக்காட்டுக்கும் குறைவு. இதற்கு மேல் ஐஸ்பெட்டியும் அடுப்பும் அரிசிப்பையும் பின்னால் ஏறினால் சொல்லவே வேண்டாம். அவர் தொட்டியை நிரப்பிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் போனபோதுதான், நடுப்பாலத்துப் பக்கக்காற்றில் வால் ஆடுவதை உணர்ந்தார். வீட்டுக்கு வந்து, குளியலறை எடைக்கருவியைக் கொக்கிக்குக் கீழே வைத்து அளந்தார். தொட்டியை ஆக்ஸிலுக்கு முன்னால் கொண்டுவந்தார். ஆக்ஸிலை நாலு அங்குலம் பின்னே தள்ளினார். இரண்டாம் பதிப்பை வரைந்து, முதல் பதிப்பு வாங்கிய ஒவ்வொருவருக்கும் பைசா வாங்காமல் அனுப்பினார். கையில் எல்லாருடைய முகவரியும் இருந்ததால் அனுப்ப முடிந்தது.

எட்டு வெள்ளிக்கு வாங்கியவர்களின் முகவரி அவரிடம் இல்லை. திருடி விற்றவனிடம் இருக்கிறது. ஆனால் அவனுக்கு ஆக்ஸில் எது, மூக்குப் பாரம் எது என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

கள்ள விற்பனையைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாகப் பேசுவது வரைந்தவருக்குப் போன பணத்தைப் பற்றி. அது உண்மையான இழப்புதான், சின்னதாக்க மாட்டேன். ஆனால் பிளானை விற்கிறவர் தாளோடு சேர்த்து இன்னொன்றையும் கொடுக்கிறார்: இதில் தப்பு இருந்தால் நான் இருக்கிறேன் என்கிற பொறுப்பு. வாங்கியவர் எந்த இரவிலும் ஒரு படம் எடுத்து அனுப்பி, “இந்த மூட்டு சரியா அண்ணே?” என்று கேட்கலாம். திருடியவன் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பை வெட்டி எறிந்துவிடுகிறான். பெயர் மேல் போட்ட வெள்ளைப் பட்டை மறைப்பது வரைந்தவரின் புகழை மட்டும் அல்ல. கேட்க வேண்டிய ஆள் யார் என்பதையும் சேர்த்து மறைக்கிறது. என் கோபம் முழுக்க அந்த வெள்ளைப் பட்டை மேல்தான்.

இலவசமாகக் கொடுப்பதற்கு நான் எதிரி இல்லை. இந்தக் கலை வளர்ந்ததே கொடையால்தான். அமெரிக்காவில் ‘மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ இதழ் 1947 செப்டம்பரில் கண்ணீர்த்துளிக் கேரவன் பிளானை வெளியிட்டது. போரிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுக் கொட்டகையில் அதைப் பார்த்துக் கட்டினார்கள். இன்றும் அதை வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. அதே 1947இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுநர், சிறுவர்கள் பாய்மரம் பழகுவதற்காக இரண்டே இரண்டு எட்டுக்கு நாலு ஒட்டுப்பலகையில் அடங்கும் சின்னப் படகு ஒன்றை வடிவமைத்து, பிளானை அங்கிருந்த ஆப்டிமிஸ்ட் சங்கத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். இன்று உலகமெங்கும், நம் மலேசியக் கடலிலும், பிள்ளைகள் பாய்மரம் பழகுவது அந்த ஆப்டிமிஸ்ட் படகில்தான். மில்ஸ் தன் பிளானைக் கையை விட்டு அனுப்பினாரே தவிர அது அநாதையாகிவிடவில்லை. அந்தப் படகுக்கென்று சங்கம் வந்தது; அளவுகளைக் காக்க விதிகள் வந்தன; எந்த நாட்டில் கட்டினாலும் அளந்து பார்க்க ஆள் வந்தார். கொடுத்தவர் பெயரும் நிலைத்தது. கொடுப்பதற்கும் பறிகொடுப்பதற்கும் நடுவில் இருக்கும் தூரம் இவ்வளவு.

நம் சட்டம் என்ன சொல்கிறது? மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் வரைபடமும் கலைப்படைப்புதான். தாளிலோ கணினியிலோ பதிவாகிவிட்டால் உரிமை பிறந்துவிடும். யாரிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை. வரைந்தவரின் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 50 ஆண்டும் அது நிற்கும். அவர் கட்டிய வண்டியின் பலகை அத்தனை காலம் நிற்காது. ஆனால் அதே சட்டத்தின் 13ஏ பிரிவு ஒரு முக்கியமான கோட்டைக் கிழிக்கிறது. ஒரு பொருளின் வடிவமைப்பு வரைபடத்தைப் பார்த்து அந்தப் பொருளைக் கட்டுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்கிறது. கட்டப்படும் பொருளே கலைப்படைப்பாகவோ எழுத்துருவாகவோ இருந்தால் மட்டும் அதில் விலக்கு. அதாவது தாள் காக்கப்படுகிறது. தாளில் சொல்லியிருக்கும் கேரவன் காக்கப்படுவதில்லை. அண்ணனுடைய வண்டியைச் சாலையில் பார்த்துவிட்டு ஒருவர் அதேபோலக் கட்டிக்கொண்டால் பதிப்புரிமைச் சட்டம் குறுக்கே வராது. பிளான் கோப்பை நகலெடுத்து விற்றால் வரும்.

இந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். பார்த்துச் செய்வதைத் தடுத்திருந்தால் தச்சுக்கு ஒரு பரம்பரையே இருந்திருக்காது. ஒரு பட்டறைப் பையன் பார்த்துப் பார்த்துத்தான் ஆசாரி ஆகிறான். அவன் தன் கையால் அறுக்கிறான், தன் கண்ணால் அளக்கிறான். தப்பினால் அந்தத் தப்புக்கு அவனே ஆள். பொறுப்பு கைமாறுகிறதே ஒழிய காணாமல் போவதில்லை. கோப்பை நகலெடுத்து விற்பவன் எதையும் அறுப்பதில்லை, அளப்பதும் இல்லை.

எழுத்துருவைச் சட்டம் தனியாக எடுத்துக் காத்திருப்பதில் மலேசியத் தமிழனாக எனக்கு ஒரு நிறைவு உண்டு. தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர், முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன், இந்த நாட்டுக்காரர். அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளில் கூடவே வருகிறது. ஓர் எழுத்தின் வளைவுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு கிடக்கிறது என்பது நமக்கு அந்நியமான செய்தி அல்ல.

சுவரோவியத்துக்கு வந்தால் நிலைமை வேறு. பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் நிலையாக வைக்கப்பட்ட கலைப்படைப்பை நகலெடுத்து விநியோகிக்கலாம் என்று அதே சட்டத்தின் 13(2)(டி) பிரிவு இடம் கொடுக்கிறது. வெயிலிலும் மழையிலும் கரையும் சாயத்துக்கு ‘நிலையாக’ என்ற சொல் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் மல்லுக்கு நிற்கலாம். ஆனால் 25ஆம் பிரிவு, படைத்தவர் தன் பெயரோடு அறியப்படும் உரிமையையும் தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமையையும் தனியாகச் சொல்கிறது. லெபோ ஆர்மேனியன் கடைகளில் தொங்கும் காந்தங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது இந்தப் பிரிவுதான். அந்தக் காந்தத்தின் பின்பக்கத்தில் ஒரு பெயர் அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்?

பிளான் வரைகிறவர்கள் செய்துகொள்ளக்கூடியது நிறையவே இருக்கிறது. 2012 ஜூனிலிருந்து மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தன் படைப்பை விருப்பப் பதிவு செய்துகொள்ளும் வழி இருக்கிறது. பதிவு உரிமையைத் தருவதில்லை, உரிமை ஏற்கெனவே இருக்கிறது. சண்டை வந்தால் காட்டுவதற்கு அரசாங்கத்தின் தாள் ஒன்று கையில் இருக்கும். சத்தியப் பிரமாணம் ஒன்றை எழுதி வைத்தாலும் 42ஆம் பிரிவின்படி அது முதல்நிலைச் சான்றாகும். அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 43எச் பிரிவு இந்தக் காலத்துக்கு மிகவும் வேண்டியது. உரிமையாளர் முறையாக அறிவிப்புக் கொடுத்தால், இணையச் சேவை நடத்துபவர் 48 மணி நேரத்துக்குள் அந்த மீறல் பிரதியை எடுத்தாக வேண்டும். கள்ளப்பிரதி செய்து விற்பவனுக்குத் தண்டனையும் சின்னதல்ல: பிரதி ஒன்றுக்கு 2,000 வெள்ளி முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டம் இருக்கிறது, அதைக் கையில் எடுக்கத் தெம்பு வேண்டும். இன்று பிரதியை நீக்கவைத்தால் திருடியவன் நாளை வேறு பெயரில் கடை விரிப்பான். விற்கிறவன் இந்த நாட்டிலேயே இல்லாமலும் இருக்கலாம். ஓய்வூதியத்தில் வாழும் மனிதர் எத்தனை அறிவிப்புகளைத்தான் எழுதிக்கொண்டிருப்பார்?

அறிவிப்பு எழுதுவதற்கும் முன்னால் ஒரு சிக்கல் உண்டு, இது என்னுடையதுதான் என்று நிறுவுவது. நிலப்படம் வரைகிறவர்கள் இதற்கு ஒரு பழைய உத்தி வைத்திருந்தார்கள். 1930களில் ஜெனரல் டிராஃப்டிங் என்ற நிறுவனம் நியூயார்க் மாநிலப் படத்தில் ஆக்லோ என்று இல்லாத ஊர் ஒன்றைப் போட்டது. நிறுவனத்தின் இருவருடைய பெயர் எழுத்துகளைக் கலைத்துச் சேர்த்த பெயர் அது. பின்னால் போட்டி நிறுவனமான ராண்ட் மெக்னாலியின் படத்தில் ஆக்லோ தோன்றியதும் திருட்டு அகப்பட்டது என்று நினைத்தார்கள். போய்ப் பார்த்தால், படத்தில் இருந்த பெயரை நம்பி யாரோ அந்த இடத்தில் ஆக்லோ ஜெனரல் ஸ்டோர் என்று கடை திறந்திருந்தார்கள். பொய் ஊர் மெய் ஊராகிவிட்டது.

இந்தக் கதையை அண்ணனிடம் சொன்னேன். ரசித்துக் கேட்டார். ஆனால் பிளானில் பொய் போட மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். நிலப்படத்தில் இல்லாத ஊர் இருந்தால் யாருக்கும் கேடு இல்லை. பிளானில் இல்லாத அளவு ஒன்று இருந்தால், அதை நம்பி அறுக்கிறவனின் பலகை வீணாகும், சில இடங்களில் உயிரும் போகும். காசு கொடுத்து நேர்மையாக வாங்கியவர் கையிலும் அதே தாள்தானே இருக்கிறது? அவர் செய்தது வேறு. பலகையின் வெட்டுமுகத்தைக் காட்டும் சாய்கோடுகளின் இடைவெளியில், கட்டுகிறவர் கண்ணுக்குப் படாத, கட்டுமானத்துக்கு எந்த விதத்திலும் தேவைப்படாத ஓர் ஒழுங்கை ஒவ்வொரு பிரதிக்கும் மாற்றி வைக்கிறார். எல்லாத் தாளிலும் வாங்கியவர் பெயரையும் பதிப்பு எண்ணையும் இடுகிறார். தன் பெயரை வரைபடத்தின் மூலையில் இடுவதை நிறுத்திவிட்டார். வளைவின் கோட்டுக்கு உள்ளேயே எழுத்துகளை ஓடவிட்டிருக்கிறார். பட்டை போட்டு மறைத்தால் வளைவும் மறைந்துபோகும்.

தமிழ் வாசகனுக்கு இந்த விவகாரத்தில் பாரதி நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. பாரதி பாடல்களின் உரிமை யாருடையது என்ற சண்டை, படத் தயாரிப்பாளர் மெய்யப்பச் செட்டியாரிடமிருந்து சென்னை மாகாண அரசு 1949இல் உரிமையைப் பெற்று, பிறகு மக்களுக்கே திறந்துவிட்டதில் முடிந்தது. அந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்று ஆனது தமிழுக்குக் கிடைத்த பெரும் பேறு. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் உரிமை பொதுவாவதும் பாடத்துக்குப் பொறுப்பு ஏற்பதும் வேறு வேறு வேலை. மூலத்தோடு ஒப்பிட்டுப் பாராத மலிவுப் பதிப்புகள் ஒரு பக்கம் குவிய, இன்னொரு பக்கம் சீனி. விசுவநாதன் போன்றவர்கள் தங்கள் வாழ்நாளையே கொடுத்து, பாரதி எழுதியவற்றைக் காலவரிசைப்படி தேடித் தொகுத்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத எழுத்துக்கும் இப்படி ஓர் ஆள் தேவைப்பட்டார். வரைந்தவர் உயிரோடு இருந்து பதில் சொல்லத் தயாராக இருக்கும் பிளானிலிருந்து அந்த ஆளை ஏன் வெட்டியெடுக்க வேண்டும்?

அறுபது வெள்ளி இல்லாதவன் எங்கே போவான் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வாரக் கூலியில் வாழ்கிற ஒருவன் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெலுக் பஹாங் கடற்கரையில் ஓர் இரவு தங்க ஆசைப்படுவதில் என்ன தவறு? ஆனால் அந்தக் கேள்வியைக் கள்ளச்சந்தைக்காரனின் சார்பில் கேட்கும்போது எனக்கு ஒப்பவில்லை. அவன் இலவசமாகக் கொடுப்பதில்லை. எட்டு வெள்ளியை ஆயிரம் பேரிடம் வாங்குகிறான். ஏழையின் பெயரைச் சொல்லி விற்கப்படும் அந்தத் தாள் ஏழைக்கே அதிக ஆபத்து. இருக்கிறவன் ஒரு பலகை வீணானால் இன்னொன்று வாங்குவான். தண்ணீர்த்தொட்டி எங்கே இருக்க வேண்டும் என்று பட்டறையில் காசு கொடுத்துக் கேட்பான். இல்லாதவனுக்குத் தாள் சொன்னதுதான் வேதம். அண்ணனிடம் நேராக எழுதிக் கேட்டவர்களில் கையில் காசு இல்லை என்று சொன்ன யாருக்கும் அவர் மறுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கேட்டால் கிடைக்கும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. பொருளுக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார் என்ற நினைப்பையே இணையச் சந்தைகள் மழுங்கடித்துவிட்டன. படமும் விலையும் நட்சத்திரங்களும் தெரிகின்றன. யாரிடம் வாங்குகிறோம் என்பது தெரிவதில்லை.

சந்தை நடத்துகிறவர்களும் இதில் கைகழுவ முடியாது. ஒரே கணக்கில் படகும் கேரவனும் கோழிக்கூண்டும் பூனைவீடுமாக நூற்றுக்கணக்கான பிளான்களை ஒருவன் எட்டு வெள்ளிக்கு விற்கிறான் என்றால், அத்தனையையும் அவனே வரைந்திருக்க முடியாது என்பது யாருக்கும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். உரிமையாளர் வந்து கதவைத் தட்டட்டும், 48 மணி நேரம் இருக்கிறது என்று காத்திருப்பது சட்டப்படி சரியாக இருக்கலாம். கடை வாசலில் திருட்டுச் சாமான் குவிந்து கிடக்கும்போது போலீஸ் வரட்டும் என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவரை நாம் நல்ல வியாபாரி என்று சொல்வதில்லை.

அண்ணன் அறிவிப்பு எழுதினார். அந்த மூட்டை நீக்கப்பட்டது. வேறொரு பெயரில் மறுபடி முளைத்தது. இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார். அதோடு இன்னொன்றும் செய்தார். அவருடைய பிளானைத் தேடுகிற எவர் கண்ணிலும் படும்படி, முதல் பதிப்பை வைத்துக் கட்டியவர்கள் யாராக இருந்தாலும், எங்கே வாங்கியிருந்தாலும், ஆக்ஸில் திருத்தத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று அறிவித்தார். இதை நான் முதலில் ஏற்கவில்லை. திருட்டுப் பொருள் வாங்கியவனுக்கும் சேவை செய்வதா என்று வாதாடினேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஈப்போவிலிருந்து அழைப்பு வந்தது. பேசிய பையன் தயங்கித் தயங்கி, எட்டு வெள்ளிக்கு வாங்கியதாகவும், வண்டி கட்டி முடிந்துவிட்டதாகவும், வரும் பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்குக் கிளம்ப இருப்பதாகவும் சொன்னான். மன்னிப்பும் கேட்டான். அண்ணன் அந்தப் பேச்சுக்குள் போகவே இல்லை.

“அதை விடு தம்பி. வீட்டுல குளியலறை எடைமெஷின் இருக்கா? தொட்டியை முழுசா ரொப்பிட்டு, மூக்கைத் தூக்கி அது மேல வை. எத்தனை காட்டுதுன்னு சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்.”